மண்ணின் கணக்கர் குமரப்பா

இயற்கையைக் காக்க வேண்டும் என்னும் பேச்சு இன்று எங்கும் ஒலிக்கிறது. பாடப் புத்தகங்களிலும் அரசாங்க அறிக்கைகளிலும் உலக மாநாடுகளிலும் அதற்குக் குறைவில்லை. காடு அழிகிறது, ஆறு வற்றுகிறது, காற்றுக் கெடுகிறது என்னும் முறைப்பாடுகள் யாவும் உண்மையே. ஆயினும் அது எவருடைய காடு, எவரால் அழிந்தது, அழிவின் இலாபம் எவர் கைக்குப் போயிற்று, நட்டம் எவர் தலையில் விழுந்தது என்னும் கேள்விகள் அப்பேச்சினிடையே எழுவது அரிது. இக்கேள்விகளை வாழ்நாள் முழுவதும் எழுப்பி, கணக்கருக்குரிய கண்டிப்போடு விடை தேடிய தமிழர் ஒருவர் இருந்தார். தஞ்சையில் பிறந்து, இலண்டனிலும் நியூயோர்க்கிலும் பயின்று, காந்தியடிகளின் கிராமக் கைத்தொழில் இயக்கத்தை நடத்திய ஜே. சி. குமரப்பாவே அவர்.

கொழும்பில் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமியை நம் வாசகர் நன்கறிவர். மண்ணியல் கற்று, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வை நடத்திய அப்பெரியார், மலைநாட்டுக் கிராமங்களில் கைவினைகள் மடிவதை நேரிற் கண்டவர். அந்நிய ஆட்சியும் ஆலைத் தொழிலும் ஒரு நாட்டின் உயிரை எவ்வாறு உறிஞ்சுகின்றன என்பதை அவர் கலையின் வழியே சென்று உணர்ந்தார். அவருக்குப் பதினைந்து ஆண்டு இளையவரான குமரப்பா, வரவு செலவு ஏடுகளின் வழியே சென்று அதே உண்மையை அடைந்தார்.

கணக்கர் கொர்னேலியஸ்

குமரப்பா 1892ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் திகதி தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்திற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். தந்தையார் சொலமன் துரைசாமி கொர்னேலியஸ் பொதுப்பணித் துறையில் அலுவலர். தாயார் எஸ்தர் அம்மையார் ஆழ்ந்த இறைபக்தியும் ஏழைகளிடம் இரக்கமும் வாய்ந்தவர். உடன்பிறந்தாருள் பாரதன் குமரப்பா பின்னாளில் காந்தியடிகளின் நூல்களைப் பதிப்பிக்கும் பணியில் ஈடுபட்டுப் புகழ் பெற்றார்.

இளைஞர் கொர்னேலியஸ் இலண்டன் சென்று கணக்கியல் பயின்று தேர்ந்தார். முதல் உலகப் போர் நடந்த ஆண்டுகளை அம்மாநகரிலேயே கழித்தார். அந்நகர வாழ்வு அவருக்குப் பிடித்திருந்தது. அங்கேயே தங்கிவிடவும் எண்ணியிருந்தார். தாயாரின் அழைப்பைத் தட்ட இயலாமல் நாடு திரும்பி, பம்பாயில் கணக்காய்வுத் தொழிலைத் தொடங்கினார். மேனாட்டு உடை, மேனாட்டு உணவு, மேனாட்டுப் பழக்க வழக்கம், கை நிறைந்த வருமானம் ஆகிய யாவும் அமைந்த வாழ்வு அது. அவ்வாழ்வு அவ்வண்ணமே ஓடி முடிந்திருப்பின், பம்பாய் வணிகர் சிலரே அவரை நினைவில் வைத்திருப்பர்.

1927ஆம் ஆண்டு அவர் ஐக்கிய அமெரிக்கா சென்றார். சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் கற்றுப் பட்டம் பெற்றபின், நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் படிக்கலானார். இடையே ஒருநாள், இந்தியா ஏன் வறிய நாடாக இருக்கிறது என்பது பற்றி ஒரு தேவாலயத்தில் அவர் உரையாற்ற நேர்ந்தது. அவ்வுரையைப் பற்றிய செய்தி பத்திரிகையில் வெளிவரவே, அவருடைய பேராசிரியர் செலிக்மன் அதனைப் படித்துவிட்டு, அப்பொருளையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளுமாறு மாணவரைத் தூண்டினார்.

அதுவரை வணிகரின் ஏடுகளைப் புரட்டிய கண்கள் அன்று முதல் ஒரு பேரரசின் ஏட்டைப் புரட்டின. கிழக்கிந்தியக் கம்பெனியின் காலந்தொட்டு இந்தியாவில் அறவிடப்பட்ட வரி எவ்வளவு, அது எதன்பொருட்டுச் செலவாயிற்று என்று அவர் வரிவரியாகப் பார்த்தார். உழவனின் வயலிலிருந்து எடுத்த பணம் படைக்கும், கடனுக்கான வட்டிக்கும், அந்நிய அதிகாரிகளின் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போயிருந்தது. உழவனிடம் திரும்பி வந்ததோ மிகச் சொற்பம். வறுமைக்குக் காரணம் மக்களின் சோம்பலும் மூடநம்பிக்கையுமே என்று சொல்லிவந்தவர்களுக்கு அக்கணக்கு தக்க பதிலாயிற்று. ஆய்வை எழுதத் தொடங்கியவர் ஆங்கிலப் பழக்கங்களில் ஊறிய கொர்னேலியஸ். முடித்தவர் வேறொரு மனிதர். 1929இல் தாயகம் திரும்பியபின், குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்பதையே தம் பெயராகக் கொண்டார்.

சபர்மதியில் ஒரு சந்திப்பு

தம் ஆய்வை நூலாக வெளியிட விரும்பிய குமரப்பா, 1929 மே 9ஆம் திகதி சபர்மதி ஆச்சிரமத்துக்குச் சென்றார். பட்டு உடையும் கைத்தடியுமாக அவர் சென்றபோது, ஒரு மரத்தடியில், சாணமிட்டு மெழுகிய தரையில் அமர்ந்து முதியவர் ஒருவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். குறித்த நேரத்துக்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்தமையால் குமரப்பா தடியில் சாய்ந்தவாறு அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நேரம் வந்ததும் முதியவர் நிமிர்ந்து, வந்திருப்பவர் குமரப்பாதானா என்று வினவினார். அப்பொழுதே அவர் காந்தியடிகள் எனக் குமரப்பாவுக்கு விளங்கிற்று. பட்டு உடை மடிவதைப் பொருட்படுத்தாது அவரும் தரையில் அமர்ந்தார்.

அந்த ஆய்வைக் காந்தியடிகள் தம் யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட்டார். அத்தோடு நிற்கவில்லை. நூலகத்தில் இருந்துகொண்டு வறுமையைக் கணக்கிட்டவரை வயல்வெளிக்கு அனுப்பினார். குஜராத் வித்தியாபீடத்து மாணவர்களை அழைத்துக்கொண்டு, கேடா மாவட்டத்து மாத்தர் தாலுக்காவில் குமரப்பா கிராமம் கிராமமாகச் சென்றார். ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் நிலம் எவ்வளவு, விளைச்சல் எவ்வளவு, மாடு எத்தனை, கடன் எவ்வளவு, வரி எவ்வளவு என்று வீடுவீடாகக் கேட்டு எழுதினர். அம்மக்களின் மொழியும் அறியாத தமிழர் ஒருவர் அப்பணியை நடத்தியது வியப்புக்குரியது.

நியூயோர்க்கில் எழுத்தாகக் கண்டதை மாத்தரில் அவர் கண்ணாரக் கண்டார். தாங்கவியலாத வரியைச் செலுத்துவதற்காக உழவன் கடன் வாங்குகிறான். கடனை அடைப்பதற்காக உணவுப் பயிரை விட்டுச் சந்தைப் பயிரை நாடுகிறான். மண்ணுக்கு ஓய்வும் எருவும் கொடுக்க அவனிடம் வசதியில்லை. இவ்வாறு மனிதனின் மெலிவும் மண்ணின் மெலிவும் ஒரே ஏட்டில் எழுதப்பட்ட நட்டங்களாயின. குமரப்பாவின் பிற்காலச் சிந்தனை அனைத்துக்கும் இதுவே வித்து.

1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது யங் இந்தியா இதழை நடத்தும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அவ்வெழுத்துக்காக 1931இலும் 1932இலும் சிறைத் தண்டனை பெற்றார். பிரித்தானியாவுக்கும் இந்தியாவுக்குமிடையே உள்ள கடன் பொறுப்புகளை ஆராயக் காங்கிரஸ் 1931இல் அமைத்த குழுவின் அமைப்பாளரும் அவரே. ஆளப்படுவோர் ஆள்வோருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்று எழுதப்பட்டிருந்த கணக்கை, யாருடைய போருக்கு யார் பணம் கொடுத்தது என்று கேட்டு அக்குழு மீளப் பார்த்தது. கிறித்தவ நெறியில் உறுதியான பற்றுடையவராதலால், அந்நிய ஆட்சியின் அடக்குமுறைக்கு முன் வாளாவிருந்த திருச்சபைத் தலைவர்களையும் அவர் கண்டித்து எழுதினார்.

1934 ஜனவரியில் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கிற்று. நிவாரண நிதியின் கணக்கு குமரப்பாவின் பொறுப்பாயிற்று. தொண்டர் ஒருவரின் ஒருநாள் உணவுக்குச் சில அணாக்களே அவர் ஒதுக்கினார். காந்தியடிகளும் பரிவாரமும் அங்கு வந்தபோது, அவர்களுக்கான கூடுதற் செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க இயலாது என்று கூறிவிட்டார். காந்தியடிகள் அதனை மகிழ்வோடு ஏற்றுக்கொண்டார். ஏழையின் பெயரால் சேர்ந்த பணம் ஏழையைத் தவிர வேறெவருக்கும் உரியதன்று என்பது குமரப்பாவின் மாறாத விதி.

மகன்வாடியின் கணக்கு

அதே ஆண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவில் அமைந்தது. அதன் செயலாளராகக் குமரப்பா பொறுப்பேற்றார். ஜம்னாலால் பஜாஜ் வழங்கிய மகன்வாடி என்னும் தோட்டத்தில் அதன் பணிமனை இயங்கிற்று. செக்கு, நெற்குற்றல், காகிதம் செய்தல், தேனீ வளர்ப்பு, சவர்க்காரம், பனைவெல்லம் என எளிய தொழில்கள் யாவும் அங்கே ஆராயப்பட்டன. பழைமையைப் போற்றும் காட்சிச்சாலையாக அவ்விடத்தை எண்ணுதல் பிழை. கருவிகளைச் செம்மைப்படுத்துவதும் ஒவ்வொன்றின் வரவு செலவைக் கணக்கிடுவதும் அங்கு நாள்தோறும் நடந்தன.

மகன் தீபம் என்னும் விளக்கு ஒன்று அங்கே உருவாக்கப்பட்டது. மண்ணெண்ணெயை விடுத்துத் தாவர எண்ணெயில் எரியும் விளக்கு அது. இச்சிறு விளக்கின் பின்னே இருந்த கணக்கைக் காண்போம். மண்ணெண்ணெய்க்காகக் கிராமத்தான் கொடுக்கும் காசு கடல் கடந்து செல்கிறது. எரிந்த எண்ணெயும் மீள ஊறுவதில்லை. தாவர எண்ணெயாயின் எள்ளை விதைத்தவனுக்கும் செக்காட்டியவனுக்கும் கூலி கிடைக்கிறது. பிண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. மாட்டின் சாணம் மண்ணுக்குத் திரும்புகிறது. அடுத்த ஆண்டு எள் மீண்டும் முளைக்கிறது. வித்தைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டால் எண்ணெயோடு பிண்ணாக்கும், பிண்ணாக்கோடு நிலத்தின் உரமும் கப்பலேறிவிடும். ஏற்றுமதி வருமானம் என்று வணிகன் எழுதுவதை, மண்ணின் முதலில் ஏற்பட்ட குறைவு என்று குமரப்பா எழுதுவார்.

பனையைப் பற்றிய அவரது கருத்து நம்மவர்க்குச் சிறப்பாக உரியது. கரும்பு நல்ல வயலையும் மிகுந்த நீரையும் வேண்டுவது. பனையோ எவரும் நீரூற்றாத வறண்ட மணலில் தானே வளர்வது. இனிப்பைப் பனையிலிருந்து பெற்றால் கரும்பு நின்ற வயலில் நெல் விளைவிக்கலாம் என்று அவர் வாதித்தார். பனங்கட்டியோடு தேநீர் அருந்தி வளர்ந்த வடபுலத்தாருக்கு இது புதுமையன்று. எனினும் அவர்களின் எளிய வழக்கத்தில் நிலத்தையும் நீரையும் பற்றிய ஓர் அறிவு பொதிந்திருப்பதைப் பொருளியலின் மொழியில் எடுத்துக்காட்டியவர் குமரப்பா.

சிறையிற் பிறந்த நூல்

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய அரசு இந்தியாவின் தானியத்தையும் பண்டங்களையும் எடுத்துக்கொண்டு, ஈடாகக் காகிதப் பணத்தை அச்சிட்டுக் கொடுத்தது. இதனை அம்பலப்படுத்தி எழுதியமைக்காகக் குமரப்பா மீண்டும் சிறை சென்றார். ஜபல்பூர்ச் சிறையிலிருந்தபோது இரு நூல்களை எழுதினார். ஒன்று இயேசுவின் போதனையையும் அவர் வாழ்ந்து காட்டிய நெறியையும் பற்றியது. மற்றையது நிலைத்த பொருளாதாரம் எனத் தமிழில் நாம் வழங்கத்தக்கது. இரண்டும் 1945இல் வெளிவந்தன. அவற்றைப் படித்த காந்தியடிகள், முன்னதற்காகத் தெய்வவியற் கலாநிதி என்றும், பின்னதற்காகக் கிராமக் கைத்தொழிற் கலாநிதி என்றும் நூலாசிரியருக்குப் பட்டங்களைத் தாமே சூட்டி மகிழ்ந்தார்.

இயற்கையில் உயிர்கள் வாழும் முறையைக் கூர்ந்து நோக்கி, பொருளாதாரத்தை ஐந்து படிகளாக அந்நூலில் அவர் வகுத்தார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி, தனக்கு உணவு தந்த உயிரையே அழிக்கிறது, இது கீழ்ப்படி. மாந்தோப்பிற் புகுந்த குரங்கு பழத்தைப் பறிக்கிறது; தோப்புக்கு ஒன்றும் செய்வதில்லை, ஆனால் மரத்தை அழிப்பதுமில்லை. கூடு கட்டும் பறவை தன் உழைப்பின் பயனைத் தான் துய்க்கிறது. தேனீ தனக்கென்று மட்டுமன்றிக் கூட்டுக்கெல்லாம் சேர்க்கிறது. குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவையோ கைம்மாறு கருதாமற் கொடுக்கிறது, இது உச்சிப்படி. இவற்றுள் ஒரு நாடு எப்படியில் நிற்கிறது என்பதே அதன் நாகரிகத்தின் அளவு என்றார். உண்மையில் பேரரசுகள் நின்றது புலியின் படியிலேயே.

இயற்கை வளங்களை ஓடும் நீர் என்றும், தேங்கிய நீர் என்றும் அவர் இரண்டாகப் பிரித்தார். ஆற்று நீரும், ஆண்டுதோறும் வளரும் மரத்தின் வளர்ச்சியும், விளையும் பயிரும் முதல் வகை. நிலக்கரியும் பெற்றோலியமும் உலோகக் கனிகளும் இரண்டாம் வகை. எடுக்க எடுக்கக் குறைவன. குறைந்துவரும் பொருளைச் சார்ந்து வாழும் நாடுகள் அதற்காக அடித்துக்கொள்ளும். பலமுள்ளவன் பலமற்றவனின் நிலத்தைப் பிடித்துக்கொள்வான். எனவே இப்பொருளாதாரத்துக்குள்ளேயே போர் அடங்கியிருக்கிறது என்று அவர் எச்சரித்தார். உலகெங்கும் எண்ணெய் வயல்களைச் சுற்றிப் பின்னர் நடந்தவற்றை அறிந்த நமக்கு அவ்வெச்சரிக்கையின் உண்மையை விளக்க வேண்டுவதில்லை.

காட்டைப் பற்றியும் அவர் தெளிவாகப் பேசினார். காடு அரசாங்கத்துக்கு வருமானம் தரும் மரக்கிடங்காகக் கருதப்படலாகாது. அதனை அண்டி வாழும் மக்களின் தேவையே காட்டு நிர்வாகத்துக்கு வழிகாட்ட வேண்டும் என்றார். வெள்ளையர் ஆட்சி, காட்டுவாசியைத் திருடன் என்று சட்டத்தில் எழுதிவிட்டுத் தொடருந்துப் பாதைக்கு மரத்தை வெட்டிற்று. அதன்பின் வந்த சுதேச அரசுகளோ சட்டத்தின் நோக்கத்தை மாற்றியபோதும் காட்டுவாசியின் நிலையை மாற்றவில்லை. நம் நாட்டில் 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா அமைந்தபோது, தலைமுறை தலைமுறையாக அக்காட்டில் வாழ்ந்த வேடர்கள் தம் வேட்டை நிலத்தை இழந்தமை இதற்கு எடுத்துக்காட்டு. விலங்கைக் காக்கும் வேலி, மனிதனை வெளியே தள்ளிற்று.

விடுதலைக்குப் பின்

1947இல் இந்தியா விடுதலை பெற்றது. குமரப்பாவின் போராட்டம் முடியவில்லை. நிலச் சீர்திருத்தம் பற்றி ஆராயக் காங்கிரஸ் அமைத்த குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். 1949இல் வெளிவந்த அதன் அறிக்கை, அரசுக்கும் உழவனுக்கும் இடையே நிற்கும் இடைத்தரகர் அனைவரும் நீங்கவேண்டும் என்றும், நிலவுடைமைக்கு உச்ச வரம்பு வேண்டும் என்றும், உழுபவனுக்கே நிலத்தில் உரிமை வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. தன்னுடையதல்லாத நிலத்துக்கு எவனும் நெடுங்கால நோக்கோடு எருவிடமாட்டான். ஆதலால் மண்ணைக் காப்பதும் உழவனுக்கு உரிமை வழங்குவதும் இணைந்தே செல்ல வேண்டியவை. பரிந்துரைகள் பல ஏட்டோடு நின்றன. பெரும் அணைகளிலும் பெரும் ஆலைகளிலும் நம்பிக்கை வைத்த புதிய ஆட்சியாளருக்கு அவருடைய சொல் பழைய பாட்டாகவே கேட்டது.

அவர் தளரவில்லை. வார்தாவுக்கு அருகே சேல்டோ என்னும் கிராமத்தில் பண்ணை ஆச்சிரமம் ஒன்றை அமைத்து வேளாண்மைச் சோதனைகளில் ஈடுபட்டார். ஒரு வட்டாரத்து மக்களுக்குச் சமநிலையான உணவுக்கும் உடைக்கும் எவ்வளவு தானியம், பருப்பு, எண்ணெய், பருத்தி வேண்டுமோ அவ்வளவுக்கு ஏற்ப நிலத்தைப் பங்கிட்டுப் பயிரிட வேண்டும் என்பது அவர் வகுத்த திட்டம். இரசாயனப் பசளையைப் பற்றி அவர் கொண்டிருந்த ஐயம் யாவரும் அறிந்தது. நோயாளிக்கு மருந்து கொடுப்பதுபோல், மண்ணைச் சோதித்தறிந்த பின்னரே எதனையும் இடவேண்டும் என்றும், ஊக்க மருந்தால் எழும் விளைச்சல் நெடுநாள் நில்லாது என்றும் கூறினார். 1951இல் சீனாவுக்குச் சென்று அங்கு நடந்த நிலச் சீர்திருத்தத்தை நேரிற் கண்டு பாராட்டினார். பொதுவுடைமையரின் வன்முறையை ஏற்காதவராயினும், நிலம் உழவன் கைக்கு வந்ததை மறைத்துப் பேச அவருக்கு மனம் வரவில்லை.

கல்லுப்பட்டியில் இறுதி நாட்கள்

உடல்நலம் குன்றவே, மதுரைச் சீமையில் தே. கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதன் ஆச்சிரமத்தை அடைந்து, சிறிய இல்லம் ஒன்றில் வாழ்ந்தார். திருமணம் செய்யாதவர், தமக்கென ஒன்றும் சேர்க்காதவர். அவ்வில்லத்தில் ஏழை உழவன் ஒருவனின் படத்தை மாட்டியிருந்தார். பார்க்க வந்தவர்களிடம், தம் தலைவர் காந்தியடிகள் என்றும், காந்தியடிகளுக்கும் தலைவர் இப்படத்தில் இருப்பவர் என்றும் கூறுவாராம்.

கல்லுப்பட்டி அமைந்த அம்மண் நமக்கும் தொடர்புடையது. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளின் வறண்ட கிராமங்களிலிருந்துதான், பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சி, கடந்த நூற்றாண்டுகளில் பல்லாயிரம் குடும்பங்கள் கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து நம் மலைநாட்டை அடைந்தன. வழியிலே மடிந்தவர்களின் தொகையை எழுதி வைத்தவர் இல்லை. குமரப்பா கணக்கெழுதிய வறுமையின் மறுபக்கம் நம் தேயிலைத் தோட்டங்களிலே இருக்கிறது.

1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் திகதி, சென்னை மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் காந்தியடிகள் மறைந்த அதே நாள். 1973இல் ஈ. எஃப். சூமாக்கர் எழுதிய சிறியதே அழகு என்னும் நூலில், பௌத்தப் பொருளியலை விளக்கும் பகுதியில் குமரப்பாவின் கருத்து எடுத்தாளப்பட்டது. மேனாட்டார் படித்து வியந்த பின்னரே நம்மவரிற் பலர் அவரைத் தேடத் தொடங்கினர். அடிமைப்பட்ட மனத்தின் பழக்கம் எளிதிற் போவதில்லை.

நமக்கு அவர் விட்டுச்சென்ற அளவுகோல்

அவருடைய அளவுகோலால் நம் மலைநாட்டை அளந்து பார்ப்போம். 1840இல் பிறப்பிக்கப்பட்ட முடிக்குரிய நிலச் சட்டம், உரிமையைப் பத்திரத்தால் நிறுவ இயலாத காடும் தரிசும் அரசுக்கே உரியவை எனக் கொள்ள வழி செய்தது. கண்டிய உழவர் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் சேனைக்கும் நம்பியிருந்த நிலம் தோட்டத் துரைமாருக்கு விற்கப்பட்டது. காடு வெட்டிக் கோப்பி நட்டனர். 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழித்தபோது, அதே சரிவுகளில் தேயிலை ஏறிற்று. மழைதோறும் மலைமண் ஆற்றில் இறங்கிற்று. கண்டிய உழவன் நிலமிழந்தான். தமிழ்த் தொழிலாளி லயத்து அறையில் அடைபட்டான். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது நாடும் இழந்தான். மலையின் அழிவையும் இவ்விரு மக்களின் அழிவையும் தனித்தனி அதிகாரங்களாக வரலாறு எழுதுகிறது. குமரப்பாவின் ஏட்டில் அவை ஒரே பக்கத்தின் வரிகள்.

அண்மைக் காலத்து நிகழ்ச்சியொன்றும் சிந்திக்கத்தக்கது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் நம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. குமரப்பாவின் கனவு நனவாயிற்று என்று மேலோட்டமாகப் பார்ப்போர் எண்ணியிருக்கக்கூடும். உழவரைக் கலந்து பேசவில்லை, மண்ணைச் சோதிக்கவில்லை, மாற்றுப் பசளை போதிய அளவில் ஆயத்தமாக இல்லை. நெல்லும் தேயிலையும் வீழ்ந்தன. அதே ஆண்டு நவம்பரில் தடை கைவிடப்பட்டது. கடன்பட்டவன் உழவனே. இயற்கையின் பெயரால் வந்ததாயினும், மேலிருந்து இறங்கிய கட்டளை வெள்ளைத் துரையின் கட்டளையைப் போன்றதே. நிலைத்த பொருளாதாரம் உழவனின் கையிலும் அறிவிலும் தொடங்க வேண்டியது. அதனை ஒரே இரவில் வர்த்தமானியால் பிறப்பித்துவிட இயலாது.

நகரத்தாராகிய நமக்கும் அவர் ஏட்டில் ஒரு பக்கம் உண்டு. மகன்வாடியிலே கழிவு அனைத்தும் எருவாக்கப்பட்டு மண்ணுக்குத் திரும்பிற்று. கொழும்பு மாநகரமோ தன் கழிவை ஏழைகளின் வாசலில் கொட்டிற்று. முன்னர் கொட்டாஞ்சேனையை அடுத்த புளூமெண்டாலிலும் பின்னர் மீதொட்டமுல்லவிலும் குப்பை மலையாக உயர்ந்தது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, மீதொட்டமுல்ல மலை சரிந்து வீடுகளை மூடிற்று. 30 பேருக்கு மேல் மாண்டனர். அதன்பின் குப்பையைப் புத்தளத்து அருவக்காலுவுக்கு அனுப்ப முற்பட்டபோது அம்மாவட்ட மக்கள் எதிர்த்தெழுந்தனர். மாளிகாவத்தையின் நெருங்கிய குடியிருப்புகளிலும் கால்வாய்க் கரைகளிலும் வாழ்வோர், செல்வர் வாழும் தெருக்களைவிட மிகுதியாகக் குப்பை செய்தவர்கள் அல்லர். எனினும் நாற்றமும் நுளம்பும் வெள்ளமும் முதலில் வருவது அவர்களிடமே. ஒரு நகரம் தன் அழுக்கை எங்கே வைக்கிறது என்பதைப் பார்த்தால், அது எவரை மனிதராக மதிக்கிறது என்பது தெரிந்துவிடும்.

குமரப்பாவிடமும் குறை உண்டு. கிராமத்தின் மீது அவர் வைத்த நம்பிக்கை பெரிது. ஆனால் அக்கிராமத்தின் ஓரத்திலே சேரி இருந்தது. கிணற்றிலே தீண்டாமை இருந்தது. 1948 நவம்பரில் இந்திய அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், கிராமத்தைப் போற்றுவோரைக் கடுமையாகச் சாடியது காரணமின்றி அன்று. மகன்வாடியில் துப்புரவுப் பணியை ஆச்சிரமத்தார் தாமே செய்தனர் என்பது மெய்; நாட்டின் மற்றைக் கிராமங்களில் அது ஒரு சாதியின் தலையிலேயே கிடந்தது. மண்ணுக்கு நீதி கேட்ட நெறி, மண்ணில் இறங்கவும் உரிமை மறுக்கப்பட்டவனுக்கு முதலில் நீதி கேட்க வேண்டும். குமரப்பாவின் நூல்களைப் படிக்கும் இன்றைய மாணவர், அம்பேத்கரின் எழுத்தையும் அருகே வைத்துப் படித்தல் நன்று. ஒருவர் விட்ட வரியை மற்றவர் எழுதியிருக்கிறார்.

இக்குறையை ஒப்புக்கொண்ட பின்னும் அவர் பெருமை குறைவதில்லை. சுற்றாடல் என்னும் சொல் மேடைகளிலே ஏறுவதற்குப் பல்லாண்டுகள் முன்பே, மண்ணையும் மனிதனையும் ஒரே தராசில் வைத்து நிறுத்தவர் அவர். அதற்கு அவருக்கு வேண்டியிருந்தவை ஒரு கணக்கேடும், பொய் எழுதாத ஒரு பேனாவும் மட்டுமே. நம் ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்துக்கொண்டு தத்தம் ஊரை ஒருமுறை சுற்றி வரலாம். இங்குள்ள நீர் எங்கிருந்து வருகிறது, குப்பை எங்கே போகிறது, நிலம் எவர் பெயரில் இருக்கிறது, உழைப்பவர் எவர், உண்பவர் எவர் என்று வீடுவீடாகக் கேட்டு எழுதிப் பார்க்கலாம். மாத்தர் தாலுக்காவில் 1929இல் தொடங்கிய அந்த ஏட்டில் நம் ஊர்களுக்குரிய பக்கங்கள் இன்னும் எழுதப்படவில்லை.